அகனேசி என்றொரு பேய்க்கணவாய்

ஸ்மோக்கி பே, தெற்கு ஆஸ்திரேலியா
11 செப்டம்பர் 2022, ஞாயிறு

அகனேசிக்கு,

பெனிசிமானி புதன்கிழமை டோங்காவுக்குக் கிளம்புகிறான். கொரோனாவுக்கு மூடிய எல்லையைத் திறந்த பிறகு எங்கள் சிப்பிப் பண்ணையிலிருந்து ஊர் திரும்புகிற முதல் ஆள் அவன்தான். அவன் பையில் இந்தக் கடிதமும் பிசிலாவுக்கு ஒரு மழைக்கோட்டும் வருகின்றன. கோட்டு பெரிதாக இருந்தால் கையை மடித்துவிடு. நம் மகள் எவ்வளவு வளர்ந்திருக்கிறாள் என்று தெரியாமல், கடையில் என் இடுப்புக்கு நேரே கையை வைத்துக் காட்டி வாங்கினேன்.

போன வாரம் ஊர் அதிகாரி வீட்டுப் போனில் பேசிக்கொண்டிருந்தபோது பாதியில் நின்றுபோயிற்று. லைன் அறுந்ததா, நீ வைத்தாயா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அறுந்தால் 'கிர்' என்று ஒரு சத்தம் வரும். அன்று வரவில்லை. கடலடிக் கம்பியைச் சரிசெய்கிற வரை நமக்கு அந்த ஒரு போன்தான் என்றால் அதில் சண்டை போடுவது வீண். வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

இன்னொரு பருவம் வேலை செய்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னைக் கேட்டிருக்க வேண்டும் என்கிறாய். முதலாளி பேனாவை நீட்டியபோது நீ என் பக்கத்தில் இல்லையே. எரிமலை வெடித்து எழுந்த அலை நம் வீட்டைக் கொண்டுபோன பிறகு வெறுங்கையோடு வந்து நின்று நான் என்ன செய்ய? பெரிய தீவில், கடலிலிருந்து தள்ளி, அரசாங்கம் வீடு கட்டித் தருகிறதாமே. அதற்குப் பெயர் கொடுத்துவிடு. நீயும் பிசிலாவும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்று தெரிந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

வேறொரு விஷயம். வியாழக்கிழமை நீர் வற்றியிருந்த நேரம் சிப்பிக் கூடைகளைத் தூக்கிக்கொண்டிருந்தோம். ஒரு கூடை மட்டும் கனத்தது. திறந்தால் உள்ளே பேய்க்கணவாய். எட்டுக் கையையும் சுருட்டிக்கொண்டு, தின்ற சிப்பியின் ஓடுகளை ஒழுங்காக ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. என்னோடு தங்கியிருக்கிற தனியேலா கத்தியை எடுத்துவிட்டான்.

"ஞாயித்துக்கெழமைக்குத் தேங்காப்பால் நான் வாங்குறேன். நீ அமுக்கிப் புடி."

"விடுடா."

"என்னத்த விடுடா? உன் பொண்டாட்டி ஊர்லயே பெரிய கணவாய்க்காரி. நீ என்னடான்னா விடுடாங்கிற!"

நான் கூடையைத் தண்ணீரில் கவிழ்த்துவிட்டேன்.

சிரிக்காதே அகனேசி. அதில் ஒன்றை வீட்டில் வைத்து வளர்க்க வேண்டும் போல் இருக்கிறது எனக்கு.

பிசிலாவுக்கு என் முத்தம்.

லிசியாதே


2 அக்டோபர் 2022

லிசியாதே,

போனை நான்தான் வைத்தேன்.

மழைக்கோட்டு வந்தது. பெரிதல்ல, சின்னது. பிசிலா உன் இடுப்பைத் தாண்டி வெகுநாளாயிற்று. அவளே அது சின்னது என்று ஒத்துக்கொள்ளவில்லை. "அப்பா வாங்குனது, சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பொத்தான் போடுகிறாள்.

பெனிசிமானி கடிதத்தை என்னிடம் கொடுப்பதற்கு முன்னால் காவா வேர்ச்சாறு குடிக்கிற கூட்டத்தில் உன் கதையைக் கொடுத்துவிட்டான். மறுநாள் சர்ச்சில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம், "என்ன அகனேசி, வீட்டுக்காரரு கணவாய்க்குத் தாலாட்டுப் பாடுறாராமே?" என்று கேட்கிறார்கள். பேய்க்கணவாய் தின்பதற்கு. தேங்காய்ப்பாலில் வேகவைத்து, கிழங்கோடு தின்பதற்கு. நீயும் என் கையால் தின்று வளர்ந்தவன்தான். அந்த ஜந்துவைப் பற்றி ஒன்று சொல்கிறேன் கேள். எலி ஒன்று அதன் தலைமேல் ஏறிச் சவாரி செய்து, இறங்கும்போது தலையிலேயே அசிங்கம் பண்ணிவிட்டுப் போனதை அது இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் எலி மாதிரி செய்த தூண்டிலைக் கண்டால் பாய்கிறது. எனக்கும் மறதி கிடையாது.

இங்கே கணவாயே இல்லை. அலைக்குப் பிறகு ஒன்றுகூட நான் பிடிக்கவில்லை. முன்பெல்லாம் பவளப்பாரில் கால் வைத்தாலே எந்தக் குழியில் ஆள் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இப்போது கால் வைத்தால் எரிமலைச் சாம்பல் மாவு மாதிரி எழும்புகிறது. நீர் வற்றும்போதெல்லாம் கம்பை எடுத்துக்கொண்டு போகிறேன். சும்மா திரும்புகிறேன். என்னைக் கணவாய்க்காரி என்று அங்கே யாராவது சொன்னால் இனிமேல் திருத்து.

அண்ணன் வீட்டில்தான் இருக்கிறோம். அண்ணன் உள்ளே வந்தால், நம் வழக்கப்படி, தங்கை நான் அங்கே உட்கார்ந்திருக்கக் கூடாது. எழுந்து வெளியே போகிறேன். மழை என்றாலும் போகிறேன். அண்ணியும் நல்லவள்தான். ஆனாலும் எத்தனை மாதம்?

பெரிய தீவு வீட்டுக்கு நான் பெயர் கொடுக்கவில்லை. அலை வந்தபோது இங்கே இருந்தவள் நான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடியவள் நான். கடலைக் கண்டு பயப்படுகிறவன் மட்டும் நீ. இது என்ன நியாயம்?

கடிதத்தில் கணவாய்க்கு ஒரு பக்கம். மகளுக்குக் கடைசியில் ஒரு முத்தம்.

அகனேசி


23 அக்டோபர் 2022

அகனேசிக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். பிசிலா மூச்சைப் பிடித்துப் பொத்தான் போடுகிற இடத்தை மட்டும் இன்னும் அதிகமாக.

நீ திட்டுவாய் என்று தெரிந்தும் சொல்கிறேன். தொட்டி வந்துவிட்டது. நாங்கள் நான்கு பேர் தங்கியிருக்கிற வீட்டின் பின்பக்கக் கொட்டகையில், ஒரு சவப்பெட்டி நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி. ரேலீன் கொடுத்தாள். சிப்பிக் குஞ்சு பொரிக்கிற ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தொட்டி என்றால் வாங்கி வந்து உடனே கணவாயைப் போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"கண்ணு, கணவாய அப்புறம் வளத்துக்கலாம். மொதல்ல தண்ணிய வளக்கணும்."

"தண்ணிய எப்படி வளக்கிறது?"

"பழுக்க விடணும். அந்தக் கல்லு, மணலு எல்லாத்துலயும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி குடியேறணும். கணவாய் விடுற அழுக்க அதுங்கதான் தின்னும். அவசரப்பட்டு இன்னைக்கே போட்டீன்னா, அது தன் மூத்திரத்துலயே செத்துப்போகும்."

அதனால் இப்போது தண்ணீர் வளர்க்கிறேன். வேலை முடிந்ததும் விரிகுடாவிலிருந்து பீப்பாயில் கடல்நீர் கொண்டுவந்து ஊற்றினேன். கடலில் கிடந்த பாறைத் துண்டுகளை உள்ளே அடுக்கி, ஒளிந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் குழாயையும் வைத்தேன். நீரைச் சுற்றவிடும் பம்பு ஒன்று, நுரையாக அழுக்கைப் பிரித்தெடுக்கும் குழாய் ஒன்று, தண்ணீரைக் குளிரவைக்கும் பழைய இயந்திரம் ஒன்று. இந்தப் பக்கத்துக் கணவாய்க்குக் குளிர் வேண்டுமாம். செம்பு மட்டும் ஆகவே ஆகாது. பித்தளைக் குழாயில் வந்த தண்ணீர் பட்டால்கூட விஷம். கையில் நான் வாங்கிப் போட்டிருந்த செப்பு வளையத்தைக் கழற்றி எறிந்துவிட்டேன். மூடிக்கு நான்கு பக்கமும் கொக்கி. அதன் வாயில் இருக்கிற அலகு மட்டும்தான் உடம்பிலேயே கெட்டி. அது நுழைகிற ஓட்டை இருந்தால் மொத்த உடம்பும் வழிந்து வெளியே வந்துவிடும் என்றாள் ரேலீன்.

தினமும் மாலையில் அந்த வெறும் தண்ணீர் முன்னால் நாற்காலி போட்டு உட்காருகிறேன். தனியேலா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறான்: "எங்க லிசியாதே தண்ணி மேய்க்கிறான், வந்து பாருங்க."

வீட்டுக்குப் பெயர் கொடுக்கும் விஷயம். ஏப்ரல்வரை கெடு இருக்கிறதாமே. யோசி. நான் கெஞ்சித்தான் கேட்கிறேன்.

லிசியாதே


20 நவம்பர் 2022

லிசியாதே,

ரேலீன் யார்?

'ரேலீன் கொடுத்தாள்', 'ரேலீன் சிரித்தாள்', 'ரேலீன் சொன்னாள்'. ஓய்வு பெற்றவள் என்றாய். வயதைச் சொல்லவில்லை. வெள்ளைக்காரர்கள் ஓய்வு எப்போது வேண்டுமானாலும் பெறுவார்கள். உன்னைக் கண்ணு என்று கூப்பிடுகிறாள். நான்கூட உன்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

உன் கடிதத்தைப் பலாமரத்தடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். பிசிலா வந்து சாய்ந்துகொண்டாள். "சத்தமாப் படிம்மா" என்றாள். எனக்குக் கோபமாக இருந்ததால் கணவாய் விஷயத்தை மட்டும் படித்தேன். மூத்திரம் என்ற இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று தெரியுமா? உனக்கு எப்படித் தெரியும்.

அதிலிருந்து தினமும் ஒரே கேள்வி. "தண்ணி பழுத்துடுச்சாம்மா? கணவாய் வந்துடுச்சா? அது என்ன தின்னும்? அப்பா அதுகூடப் பேசுவாரா?" கேட்டுக் கேட்டு என் காது தேய்ந்துவிட்டது. உள்ளே வந்ததும் எழுது. அவளுக்காகக் கேட்கிறேன், எனக்காக அல்ல.

பெரிய தீவு வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஆட்கள் சொன்னார்கள். வரிசையாக, ஒரே மாதிரி வீடுகள். கூரை புதிது, கதவு புதிது. வாசலில் நின்றால் கடல் தெரியாது, சத்தம்கூடக் கேட்காது. கணவாய்க்கு ஒரு பெட்டி செய்து மூடிக்குக் கொக்கி போட்டுவிட்டாய். எனக்கும் ஒரு பெட்டி பார்த்து வைத்திருக்கிறாய். அதற்கு எத்தனை கொக்கி?

எழுதிவிட்டேன். அடித்துத் திருத்த மாட்டேன்.

அகனேசி


11 டிசம்பர் 2022

அகனேசிக்கு,

ரேலீனுக்கு எழுபத்தொரு வயது. முழங்கால் இரண்டும் பழுது. ஓயாமல் சிகரெட் பிடிப்பாள், என் பெயரை இன்னும் சரியாகச் சொல்லத் தெரியாது. அதனால்தான் கண்ணு. தபால்காரரையும் தன் நாயையும்கூட அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

பிசிலாவுக்கு இந்தப் பகுதியைச் சத்தமாகப் படி:

கணவாய் வந்துவிட்டது மகளே. மறுபடியும் ஒன்று சிப்பிக் கூடைக்குள் திருடப் புகுந்து மாட்டிக்கொண்டது. உன் கை அளவு தலை, வெளிறிய சாம்பல் நிறம், கோபம் வந்தால் செங்கல் நிறம். முதல் மூன்று நாள் குழாய்க்குள்ளிருந்து ஒரு கண்ணை மட்டும் காட்டியது. நான்காம் நாள் ஒரு நண்டைப் போட்டேன். பார்த்துக்கொண்டே இருக்கும்போது நண்டு மேல் போர்வை மாதிரி விழுந்து மூடிவிட்டது. இப்போது என் காலடிச் சத்தம் கேட்டாலே கண்ணாடிக்கு வந்துவிடுகிறது. தனியேலா மாமா வந்தால் மட்டும் மூடியின் இடுக்கு வழியாக அவர் முகத்தில் தண்ணீர் பீய்ச்சுகிறது. அவர் மனதில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. ஜாம் பாட்டிலுக்குள் மட்டிச் சதையை வைத்து மூடிக் கொடுத்தேன். தடவிப் பார்த்து, கட்டிப்பிடித்து, மூடியைத் திருகித் திறந்துவிட்டது. ஆமாம், அதனோடு பேசுகிறேன். பதில் சொல்வதில்லை. நிறம் மட்டும் மாறும்.

இனி உனக்கு.

எத்தனை கொக்கி என்று கேட்டாய். இதைப் போனில் என்னால் சொல்ல முடியவில்லை.

எரிமலை வெடித்த பிறகு ஊரிலிருந்து எந்தச் செய்தியும் இல்லாத நாட்கள். டிவியில் வானத்திலிருந்து எடுத்த படம் காட்டினார்கள். நம் தீவு இருந்த இடத்தில் பழுப்பாக ஒரு கறை. வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று வேலைக்குப் போனேன். கூடைக்குள் கையை விட்டபோது ஏதோ ஒன்று என் மணிக்கட்டைப் பிடித்தது. பார்த்தால் பேய்க்கணவாய். இழுக்கவில்லை, கடிக்கவில்லை. வெறுமனே பிடித்துக்கொண்டது. நீயும் கூட்டத்தில் அப்படித்தான் என் கையைப் பிடிப்பாய், பார்க்காமல். நான் உதறவில்லை. தண்ணீர் ஏறி மார்புக்கு வந்துவிட்டது. படகிலிருந்து கத்தினார்கள். நீயும் பிசிலாவும் உயிரோடு இல்லை என்று எனக்கு அப்போது நிச்சயமாகத் தோன்றியது அகனேசி. இந்தக் கடல்தான் அதைச் செய்தது, இதற்குள்ளேயே நின்றுவிடலாம் என்று தோன்றியது. அதுவாகத்தான் என் கையை விட்டது. அதற்குப் பிறகுதான் நான் கரைக்கு நடந்தேன்.

நீ அலையைக் கண்ணால் பார்த்தாய். அது எவ்வளவு உயரம், எங்கே நின்றது என்று உனக்குத் தெரியும். நான் பார்க்கவில்லை. என் அலை இன்னும் நிற்கவில்லை.

அதனால்தான் கடல் தெரியாத வீடு. அதனால்தான் என் கையால் இனிமேல் ஒரு கணவாயையும் கொல்ல முடியாது. பெட்டி என்று நினைத்தால் பெட்டிதான்.

லிசியாதே


8 ஜனவரி 2023

லிசியாதே,

புது வருடப் பிரார்த்தனை முடிந்து ஒரு வாரமாக உனக்கு எழுத உட்காருகிறேன். எழுந்து போய்விடுகிறேன்.

முதலில் திட்டித் தீர்த்துவிடுகிறேன், அது எளிது. தனியேலா தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தை அவள் சர்ச் வாசலில் நின்று படித்தாள். அந்தக் கணவாய்க்குப் பெயர் அகனேசியாமே! நீ எனக்கு எழுதிய எந்தக் கடிதத்திலும் அது இல்லையே! பாதிரியாரின் மனைவி என்னிடம் வந்து, "எட்டுக் கை இருந்தா நல்லதுதான அகனேசி, எவ்வளவு வேல கெடக்கு" என்கிறாள். இந்தச் சிரிப்பு ஈஸ்டர்வரை ஓடும்.

இப்போது கடினமானது. நீயும் சொன்னாய், நானும் சொல்கிறேன்.

பிசிலா கடலில் கால் வைப்பதில்லை. அலை வந்த நாளிலிருந்து. உனக்கு எழுதவில்லை. எழுதினால், 'பார்த்தாயா, அதற்குத்தான் பெரிய தீவுக்குப் போ என்கிறேன்' என்பாய். கடற்கரைக்கு நான் இறங்கினால் மேட்டிலேயே நின்றுகொண்டு, நான் திரும்புகிற வரை என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். "அம்மா, தண்ணி ஏறுது. அம்மா, போதும்." நடக்கும் முன்பே நீந்திய பிள்ளை. தவழ்கிற வயதில் நீதான் அவளைத் தோளில் வைத்துப் பவளப்பாருக்குக் கொண்டுபோனாய். மழை பெய்யாத நாளிலும் அந்தக் கோட்டைப் போட்டுக்கொள்கிறாள். தண்ணீர் தன் மேல் படக் கூடாதாம்.

ஓடும்போது அவள் என் தோள்மேல் பின்பக்கம் பார்த்துக் கிடந்தாள் லிசியாதே. நான் முன்னால் பார்த்து ஓடினேன். பின்னால் வந்ததைப் பார்த்தது அவள். அது எவ்வளவு உயரம் என்று எனக்கும் தெரியாது. அவளுக்குத்தான் தெரியும். அவள் சொல்வதில்லை.

நான் ஒருத்தியாக அவளைக் கடலுக்குத் திருப்பிக் கூட்டிப் போக முடியவில்லை. நீ ஏன் வரவில்லை என்று கத்தியதெல்லாம் இதற்குத்தான். கேட்கத் தெரியாமல் கத்தினேன்.

அந்த மணிக்கட்டு விஷயத்தைப் படித்துவிட்டு மேட்டில் போய் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கணவாய் எனக்கு முன்னால் வந்து நின்றால் அதை மட்டும் நான் சமைக்க மாட்டேன்.

பிசிலாவுக்கு இன்னும் எழுது. நீளமாக எழுது.

அகனேசி


5 பிப்ரவரி 2023

அகனேசிக்கு,

பெயர் வைத்தது தனியேலா. நான் வேலையிலிருந்து தாமதமாக வந்தால் அது கறுத்துப்போய் மூலையில் உட்காருமாம், பக்கத்தில் போனால் தண்ணீர் அடிக்குமாம், 'இது உன் அகனேசியேதான்' என்றான். நான் மறுக்கவில்லை. மாலையில் கொட்டகைக் கதவைத் திறந்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கும் பிடித்திருந்தது. அதை உனக்கு எழுத வெட்கமாக இருந்தது.

அது இப்போது இங்கே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை வெயில் உச்சத்தில் ஊர் முழுக்க மின்சாரம் போய்விட்டது. காற்று அடுப்பு வாயிலிருந்து வருவது போல வீசியது. பம்பு நின்றது. குளிர் இயந்திரம் நின்றது. கொட்டகைத் தகரக் கூரையைத் தொட முடியவில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது கணவாய் குழாயை விட்டு வெளியே வந்து, தண்ணீரின் மேல்மட்டத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. வெளுத்துப்போயிருந்தது. உடம்பு விரிந்து விரிந்து சுருங்கியது.

நான் ஐஸ் கட்டியை அள்ளிக்கொண்டு ஓடினேன். தனியேலா என் கையைத் தட்டிவிட்டான்.

"மூளை இருக்கா? நேராப் போடாத! நல்ல தண்ணி கலந்தா செத்துடும்னு அந்தப் பாட்டி சொல்லல?"

அவன் அதையெல்லாம் காதில் வாங்கினான் என்றே எனக்குத் தெரியாது. பண்ணைக் குளிர் அறைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போய், உறைந்த தண்ணீர் பாட்டில்களோடு வந்தான். மூடியோடு மிதக்கவிட்டோம். ஒருவன் பாட்டிலை மாற்ற, ஒருவன் வாளியால் தண்ணீரை மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்ற, ஒருவன் ஈரச் சாக்கைத் தொட்டியில் சுற்ற. அதைத் தின்ன வேண்டும் என்று மாதக்கணக்காகப் பேசியவர்கள் மூன்று பேரும். பொழுது சாயும்போது பாட்டில்கள் தீர்ந்துவிட்டன. மின்சாரம் வரவில்லை.

"லிசியாதே," என்றான் தனியேலா. "விட்டுடுவோம்டா."

குளிர்பெட்டியில் அதை வைத்துப் படகில் விரிகுடாவின் ஆழமான இடத்துக்குப் போனோம். பெட்டியைச் சாய்த்தேன். என் கையை அது பிடிக்கவில்லை. ஒரு கணம்கூட நிற்கவில்லை. பின்பக்கமாக ஒரு உந்தல், அடியில் கடற்புல்லின் நிறமாகிவிட்டது, பிறகு எங்கே என்று தெரியவில்லை.

"போறா பாரு," என்றான் தனியேலா. "ஒரு வார்த்த சொல்லாமப் போறா பாரு." அவன் குரல் உடைந்துவிட்டது. அதை அவன் மனைவிக்கு எழுதமாட்டான். நீ சொல்லிவிடு.

மறுநாள் மின்சாரம் வந்து பம்பு தானாக ஓட ஆரம்பித்தது. வழக்கம்போல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பிசிலா கோட்டைக் கழற்றுவதில்லையாம் என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளே யாரும் இல்லை. இத்தனை நாளும் உன்னிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் அந்தத் தண்ணீரிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அப்போது புரிந்தது.

முதலாளியிடம் போய்ப் பருவம் முடிகிற வரை இருக்க முடியாது என்றேன். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "புள்ள எவ்ளோ பெருசு?" என்று கேட்டார். கையை இடுப்புக்கு நேரே வைக்கப் போய், உயர்த்தி மார்புக்குக் கொண்டுபோனேன். மார்ச் நடுவில் போகச் சொல்லிவிட்டார்.

எந்த வீடு என்று நீ முடிவு செய். பெரிய தீவா, நம் தீவா, அண்ணன் வீட்டுப் பின்பக்கமா. நீ இருக்கிற இடத்துக்கு நான் வருகிறேன். கணவாய் போனதைப் பிசிலாவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரியும்.

லிசியாதே


26 பிப்ரவரி 2023

லிசியாதே,

எனக்கும் தெரியவில்லை. அதனால் அப்படியே படித்துவிட்டேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. வெகுநேரம் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு, "அது நம்ம ஊருக்கு வருமா?" என்று கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை. வராது, ரொம்ப தூரம், அது குளிர்ந்த தண்ணீரில் இருக்கிற ஜாதி என்றேன்.

"அப்ப நம்ம ஊர்ல ஒண்ணு இருக்கான்னு பாக்கலாமா?"

"பாருக்குப் போகணும். தண்ணில நடக்கணும்."

"தெரியும்."

"நாளைக்குப் போலாமா?"

"நாளைக்கு எனக்குப் பயம் வந்துடும். இப்பவே."

நீர் நன்றாக வற்றியிருந்தது. கோட்டோடுதான் வந்தாள். மணலில் நின்று என் பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதலில் பாதம். நின்றோம். பிறகு கணுக்கால். நின்றோம். நடுங்கியது பிள்ளை, அந்த நடுக்கம் என் பாவாடை வழியாக எனக்கு வந்தது. திரும்பிவிடலாம் என்றேன். "பேசாதம்மா, எண்ணிட்டு இருக்கேன்" என்றாள். எதை எண்ணினாள் என்று தெரியாது. முழங்கால்வரை வந்துவிட்டாள் லிசியாதே. கோட்டின் ஓரம் நனைந்தது, அவள் கவனிக்கவில்லை.

சாம்பல் குறைந்திருக்கிறது. பாரின் வெளிப்பக்கம், நாம் முதன்முதலில் பேசிக்கொண்ட இடம் என்று நீ சாதிப்பாயே, அங்கே ஒரு குழியின் வாயில் நண்டு ஓடு கிடந்தது. புதிது. கால் வேறு, முதுகு வேறாகச் சுத்தமாகத் தின்று, ஒதுக்கி வைத்தது. கம்பு என் கையில் இருந்தது. குழிக்குள் ஒரு குத்து, அவ்வளவுதான் வேலை. கை தானாக ஓங்கிவிட்டது.

"கதவத் தட்டாதம்மா," என்றாள் உன் மகள். "தூங்குது."

கம்பை இறக்கிவிட்டேன். இந்த ஒரு தடவைதான். நான் கணவாய்க்காரி. அடுத்த மாதம் ஒன்று பிடிப்பேன், நீ தின்ன மாட்டாய் என்றால் பார்த்துக்கொண்டு உட்கார்.

திரும்பும்போது அவளாகவே சொன்னாள். அலை தென்னைமர உயரம் இல்லையாம். சர்ச் ஜன்னல் உயரமாம். "பெருசாத்தான் இருந்துச்சு. ஆனா வானம் அளவு இல்ல" என்றாள். உனக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

ஊர் அதிகாரியிடம் போய் நாங்கள் வரவில்லை, பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மேட்டின் மேல் அண்ணன் கொஞ்சம் நிலம் காட்டியிருக்கிறார். அங்கிருந்து கடல் முழுதும் தெரியும், அலை எட்டாது. உனக்குப் பிடிக்கவில்லை என்றால் இங்கே வந்து என் முன்னால் நின்று சண்டை போடு. கடிதத்தில் சண்டை போட்டுப் போட்டு என் கையெழுத்து கெட்டுவிட்டது.

அண்ணி கொடுத்த பழைய பாயை உனக்காக விரித்து வெயிலில் காயவைத்தேன். பூஞ்சை வாடை போகவில்லை. பரவாயில்லை.

அகனேசி


நுகுஅலோபா துறைமுகம், டோங்கா
20 மார்ச் 2023, திங்கள்

அகனேசிக்கு,

உன் கடிதம் நான் கிளம்புகிற அன்று காலை கிடைத்தது. விமானத்தில் படித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "யாரும் தவறிட்டாங்களா தம்பி?" என்று கேட்டு என் கையில் கைக்குட்டையைத் திணித்தாள். இல்லை, என் மகள் முழங்கால்வரை தண்ணீரில் நின்றாள் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தொட்டியைத் தனியேலா எடுத்துக்கொண்டான். பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, பீப்பாய் பீப்பாயாகப் புதுத் தண்ணீர் சுமக்கிறான். சமைக்கத்தான் என்கிறான். ரேலீன் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

சனிக்கிழமை வந்திறங்கினேன். ஞாயிறு கப்பல் கிடையாது. இன்று காலை துறைக்கு வந்தால் கப்பலின் இயந்திரத்தைக் கழற்றிக் கரையில் பரப்பி வைத்திருக்கிறார்கள். எப்போது என்று கேட்டால், "இந்த வாரம்" என்கிறார்கள். எந்த வாரம் என்று கேட்கத் தைரியம் வரவில்லை. நம் பக்கத்துப் படகு ஒன்று மதியம் கிளம்புகிறது. கூரைத் தகரம், சிமெண்டு, ஒரு பாதிரியார் குடும்பம், இரண்டு பன்றி. படகுக்காரரிடம் கெஞ்சினேன். "தகரத்துமேல உக்காந்து வர்றேண்ணே" என்றேன். "தம்பி, பன்னியே நின்னுக்கிட்டுத்தான் வருது" என்றார். எனக்கு அதில் இடமில்லை. ஒரு காகிதத்துக்கு இருக்கிறது. அதனால் இதை எழுதுகிறேன்.

இத்தனை தூரம் வந்துவிட்டு இந்தக் கல்மேல் உட்கார்ந்திருப்பதுதான் தாங்க முடியவில்லை. அங்கே இருந்தபோது நீ தூரம் என்று மனம் ஒப்புக்கொண்டிருந்தது. இங்கே காற்று மாறினால் உன் அடுப்புப் புகை வந்துவிடும் போல இருக்கிறது. காலிலிருந்து செருப்பைக் கழற்றிவிட்டுத் துறைப் படியில் இறங்கித் தண்ணீரில் நின்று பார்த்தேன். கணுக்கால். அப்புறம் எண்ணினேன். முழங்கால் இன்னும் ஆகவில்லை. அவளிடம் கேட்டுக்கொள்கிறேன், எதுவரை எண்ண வேண்டும் என்று.

மேட்டு நிலம் எனக்குச் சம்மதம். சண்டை இல்லை என்று ஏமாந்துவிடாதே, வேறு ஏதாவது கிடைக்கும்.

பிசிலாவிடம் சொல்: கப்பலிலிருந்து இறங்குகிறவர்களில் எந்த ஆள் அப்பா என்று அவளுக்குத் தெரியாமல் போனால் பரவாயில்லை. வெட்கப்பட வேண்டாம். அவளை எனக்குத் தெரியும், சின்ன மழைக்கோட்டு. நான் அவளிடம் நடந்து வருவேன். அவள் பார்த்து முடிக்கிற வரை நின்றுகொண்டிருப்பேன், எவ்வளவு நேரமானாலும்.

படகுக்காரர் கூப்பிடுகிறார். பன்றிகளை ஏற்றிவிட்டார்கள்.

இதற்குப் பதில் எழுதாதே.

லிசியாதே